ஆறு சிசி எஞ்சினும் சில்வியா சித்தியும்

சில்வியா சித்தி இருபத்திரண்டு வருடமாக ஒரே ஓர் அறிவுரையைத்தான் விற்று வருகிறாள்.

"கொஞ்சம் பெருசாவே எட்த்துக்கோ நைனா. நடுக்கடல்ல காத்து மாறுச்சுன்னா சின்ன எஞ்சின் உன்ன வூட்டுக்குக் கூட்டினு வராது."

கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் அவள் கடை இருக்கிறது. படகின் பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின்களைப் பழையதாக வாங்கி, பிரித்து, தேய்த்து, பெயின்ட் அடித்து மறுபடி விற்பது தொழில். எட்டு குதிரைசக்தி கேட்டு வருகிறவன் பத்தோடு போவான். பத்து கேட்டு வருகிறவன் பதினைந்தோடு போவான். மழைக்கு ஒதுங்கிய ஒருவர் ஸ்பார்க் பிளக்கோடு போனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவரிடம் படகே கிடையாது.

நான் சித்தியின் அக்கா மகள். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒரு முதுகுப்பையும் பூஞ்சை பிடித்த செருப்புமாகக் காலடிப்பேட்டையில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டியா ஊர்சுத்தி? குளிச்சுட்டு வா. பால்சா கட்டை அறுக்கணும்."

சித்தப்பா ரெஜி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நாகர்கோவில்காரர். துறைமுகத்தில் முப்பது வருடம் கன்டெய்னர் எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது எண்ணுவதற்கு வீட்டில் மனைவி ஒருத்திதான் இருக்கிறாள்.

"வா மக்களே," என்றார். "ஒங்க சித்திக்கு ஐம்பது வயசுல றெக்க மொளைக்கி."

விஷயம் இதுதான். பள்ளியில் படிக்கும்போது சித்தி என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தாள். அங்கே கம்பி கட்டிய மாடல் விமானம் ஓட்டுவார்கள். உண்மையான எஞ்சின் வைத்த சின்ன விமானம். அதன் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகள் ஒரு கைப்பிடிக்கு வரும். கைப்பிடியைப் பிடித்தவர் நடுவில் நிற்க, விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். கைப்பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். செக்குமாட்டு ஏற்பாடுதான். ஆனால் இங்கே மாடு ஜாலியாகப் போகும், செக்குதான் சுற்றிச் சுற்றிச் சாக வேண்டும்.

சித்தி நான்கு மாதம் ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி ஒரு விமானம் செய்தாள். போட்டி அன்று காலை, பொறுப்பில் இருந்த அதிகாரி அவள் முகத்தைப் பார்த்து, "கண்ணாடி போட்ட பொண்ணு கைப்பிடி பிடிக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டார். கைப்பிடி அவள் தோழி மலிகாவுக்குப் போனது. சித்தி மண்டியிட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்து, சைகை வந்ததும் விட்டாள். எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெயின் புகை முகம் முழுக்க அப்பியதுதான் மிச்சம். மலிகாவுக்குப் பதக்கம், செய்தித்தாளில் படம். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். சித்தியுடையது.

இதெல்லாம் நடந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. மலிகா இப்போது வண்ணாரப்பேட்டைப் பள்ளி ஒன்றில் வேதியியல் டீச்சர். பழைய கேடட்டுகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, பூக்களின் மேல் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தவள், திடீரென்று ஓர் அறிவிப்புப் போட்டாள். ஆகஸ்ட் பதினைந்து காலை, எர்ணாவூர் கிரவுண்டில் எல்லோரும் கம்பி விமானம் ஓட்டலாம். அவரவர் செய்த விமானத்தை அவரவரே ஓட்ட வேண்டும். விழாமல் பத்து வட்டம் போனால் தேர்ச்சி. அதற்குக் கீழே ஒரு வரி: "ஓட்ட பயமா இருக்கிறவங்க சொல்லுங்க, நானே ஓட்டித் தரேன்."

சித்தி அந்தக் கடைசி வரியை என்னிடம் நான்கு முறை காட்டினாள். பதக்கமோ சான்றிதழோ அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கைப்பிடி தன் கையில் இருக்க வேண்டும், விமானம் தன் கைக்குக் கட்டுப்பட்டுப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில் ஒரு துளிகூட விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அடுத்த நாள் மலிகா ஒரு தகரப்பெட்டியோடு கடைக்கு வந்தாள். பெட்டிக்குள் சில டிசைன் தாள்களும் எண்ணெய்த் துணியில் சுற்றிய எஞ்சின்களும் இருந்தன. கவுண்டரில் இருந்த பிஸ்டன்களை ஒதுக்கிவிட்டு இரண்டு தாள்களை விரித்தாள். ஒன்று, பலகையை வெட்டிய மாதிரி உடம்பும் தடிமனான நேர் இறக்கையும் கொண்ட, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான ட்ரெய்னர். பார்ப்பதற்கு இட்லித் தட்டுக்கு வால் முளைத்தது போல இருந்தது. மற்றது குட்டிக்கரணம் அடிக்கிற ஸ்டன்ட் விமானம். நீள இறக்கை, கல்யாணப் பெண் மாதிரி வளைவுகள்.

"முதல்ல கிரவுண்டப் பாரு சில்வி," என்றாள் மலிகா. "ஒரு பக்கம் காம்பவுண்டு சுவரு, அந்தாண்ட ஹைடென்ஷன் டவரு. பதினஞ்சு மீட்டருக்கு மேல கம்பி வுட முடியாது. பதினஞ்சு மீட்டருக்கு இந்த ட்ரெய்னரு. ட்ரெய்னருக்கு ரெண்டரை சிசி எஞ்சின். முடிஞ்சு போச்சு கதை."

அவள் நீட்டிய எஞ்சின் எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. சித்தி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"இன்னாடி இது? எங்க வூட்டு மிக்சில கூட இதவுட பெரிய மோட்டார் கீது. அது இன்னா, அந்தத் துணிக்குள்ள?"

"அது ஆறு சிசி. ஸ்டன்ட் டிசைனுக்கு. அதுக்குப் பதினெட்டு, இருபது மீட்டர் கம்பி ஓணும். இந்த கிரவுண்டுக்கு ஆவாது."

"அத ட்ரெய்னர்ல மாட்டு."

"ஆட்டோல லாரி எஞ்சின் மாட்டுவாங்களா?"

"சக்தி கையில இருக்கட்டும்டி. ஓணும்னா யூஸ் பண்ணுவேன், ஓணாட்டி சும்மா கெடக்கட்டும். கடல்ல..."

"இது கடல் இல்ல சில்வி."

"உனக்கு கெமிஸ்ட்ரி தெரியும். எனக்கு எஞ்சின் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஆறு சிசியை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். மலிகா என்னைப் பார்த்தாள். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் விமானம்தான் இருந்தது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தப்பா மீன் குழம்பில் பால்சா மரத்தூள் மிதப்பதைச் சுட்டிக்காட்டி, "இது புதுசா போடுற மசாலாவா?" என்று கேட்டார். சித்தி வேலை செய்யும்போது அவள் விரல்களைப் பார்க்க வேண்டும். எஞ்சின் பிரித்துப் பிரித்து நகக்கண்ணில் கருப்பு ஏறிய அதே விரல்கள், காகிதம் போன்ற கட்டையை மூச்சுவிடாமல் வளைத்து ஒட்டின. இறக்கையின் ஒரு விலா எலும்புகூட உடையவில்லை. உடைந்தால் அவள் வாயிலிருந்து வரக்கூடியதைக் கேட்கக் காத்திருந்த எனக்குத்தான் ஏமாற்றம்.

முடித்ததும் எஞ்சினை மாட்டினாள். விமானம் மூக்கால் மேசையை முத்தமிட்டது. வால் அந்தரத்தில் நின்றது.

"மூக்கு தொங்குது," என்றேன்.

"தெரியுது. படகு மூக்கத் தூக்கினுதான் போவணும். அப்பதான் அலையில ஏறும்."

மறுநாள் காலை கல்மண்டபத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் ஒரு பை வாங்கி வந்தாள். பட்டாணி அளவில் ஒவ்வொன்றாக வாலில் ஒட்டினாள். ஐந்து, எட்டு, பதினொன்று. பதினான்காவது குண்டில் விமானம் மெதுவாகத் தலையைத் தூக்கி, வாலில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்தது. சித்தி இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தாள்.

"இப்ப பாரு. புறப்படத் தயாரா நிக்குது."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "எட்டி, இது பறக்கப் போகுதா, குத்த வைக்கப் போகுதா?"

ஆகஸ்ட் பதினைந்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிறு பூசை முடிந்து நேராக எர்ணாவூர் கிரவுண்டுக்குப் போனோம். சித்தி பூசைக்குக் கட்டிய புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து சுவர் ஓரம் போட்டு, காலை நாளிதழை விரித்தார். நான் மண்டியிட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டேன். ப்ரொபெல்லரை மூன்றாவது முறை விரலால் சுண்டியதும் எஞ்சின் கிளம்பி, சித்தியின் ஆள்காட்டி விரலில் ஒரு கீறல் போட்டது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டே நடுவுக்கு ஓடிக் கைப்பிடியை எடுத்தாள். தலையை ஆட்டினாள். விட்டேன்.

விமானம் இரண்டு மீட்டர்கூடத் தரையில் ஓடவில்லை. மூக்கைத் தூக்கியது, தூக்கிக்கொண்டே போனது. சித்தி கைப்பிடியைக் கீழே சாய்த்தாள், முழுசாகச் சாய்த்தாள். அதற்கெல்லாம் கட்டுப்படுகிற நிலையில் அது இல்லை. நட்டுக்குத்தாக எழுந்து, எங்கள் தலைக்கு மேல் மல்லாந்து வந்தபோது கம்பி தொய்ந்தது. கம்பி தொய்ந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் கட்டைதான். அடுத்த கணம் அது சுவர்ப் பக்கம் பாய்ந்து, சித்தப்பாவின் நாற்காலியை முதுகோடு துளைத்தது. நல்லவேளை, அவர் அப்போதுதான் எழுந்து சுண்டல்காரரைக் கூப்பிடப் போயிருந்தார்.

கிரவுண்டில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். சித்தப்பா திரும்பி வந்து நாற்காலியின் முதுகைக் குனிந்து பார்த்தார்.

"எட்டி, கொல்லணும்னா சோத்துல வெஷத்த வையி. எதுக்கு இவ்வளவு பாடு?"

சித்தி போய் விமானத்தைப் பார்த்தாள். இறக்கை நடுவில் இரண்டாகியிருந்தது. எஞ்சின் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் புத்தம் புதிதாக நாற்காலியில் செருகிக்கொண்டு நின்றது.

யாரோ எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. மலிகா போன் செய்தாள். சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடி ஒண்ணும் படலியே? சரி வுடு. நீ வேற ஒண்ணு பண்ணு. அன்னிக்கு நீ பிளேனப் புடிச்சிக்கோ, நான் ஓட்டிடறேன். பழைய மாதிரியே. இன்னா சொல்ற?"

மலிகா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாதது. சித்தி போனை அணைத்துவிட்டு நெடுநேரம் வெங்காயம் உரித்தாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே கிடையாது.

செவ்வாய்க்கிழமை எபினேசர் கடைக்கு வந்தார். ஃபைபர் படகு வைத்திருப்பவர். மே மாதம் ஒன்பது குதிரைசக்தி கேட்டு வந்து, சித்தியின் அறிவுரையோடும் பதினைந்தோடும் போனவர்.

"யக்கா, நீ குட்த்த எஞ்சினு நல்ல எஞ்சினுதான். ஆனா படகோட பின்னாடிய அப்டியே கடலுக்குள்ள இழுக்குது."

"கொஞ்சம் மூக்கு தூக்கத்தான்டா செய்யும்."

"கொஞ்சமா? நேத்து பின்னாடி அலை ஏறி, புட்ச்ச மீனெல்லாம் நீந்தியே வூட்டுக்குப் போய்ட்ச்சிக்கா. முன்னாடி வெயிட்டுக்கு என் மச்சான உக்கார வச்சினு போறேன். அவன் ஒரு நா வரலன்னா எனக்குத் தொழில் இல்ல."

"உன் மச்சான் இன்னா வெயிட்டு?"

"அதான் பேஜாரு. பொண்டாட்டிகூட சண்ட போட்டுகினு சாப்டாம எளைச்சுகினே வரான்."

சித்தி அவரைத் திட்டியபடியே கடையை என்னிடம் விட்டுவிட்டு அவரோடு படகைப் பார்க்கக் கிளம்பினாள். அவர்கள் பாதி வழி போவதற்குள் மனம் கேட்காமல் நானும் கடைக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டு ஓடினேன். துறைமுகத்தில் மற்ற படகுகள் எல்லாம் மட்டமாக ஆடிக்கொண்டிருந்தன. எபினேசர் படகு மட்டும் பின்பக்கம் தண்ணீரில் அமிழ, மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த உயரத்தில், மெலிந்துபோன மச்சான் பரிதாபமாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மூக்கை நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்திருந்தேன். சித்தியும்தான். அவள் இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். பிறகு, "சாயங்காலம் கழட்டி எட்த்துனு வா. ஒன்பதே மாட்டித் தரேன்," என்றாள்.

எபினேசருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீயா சொல்ற?"

"மச்சானுக்கு எதனா சாப்பிட வாங்கிக் குடு. கலீஜா கீறான்."

திரும்பி நடக்கும்போதே போனை எடுத்தாள்.

"மலிகா. அந்த ரெண்டரை சிசி... யாருக்குனா குட்த்துட்டியா?"

"பெட்டியிலதான் கீது. நீ கேப்பேன்னு எட்த்து வச்சேன்."

"ரொம்ப பேசாத."

"நான் இன்னா பேசினேன்?"

"பேசல. ஆனா பேசப் போற."

மறுபடி சாப்பாட்டு மேசை போனது. இந்த முறை அவள் எஞ்சினை முதலில் தொடவே இல்லை. இறக்கையைப் புதிதாகக் கட்டினாள். வாலில் இருந்த ஈயக்குண்டுகளைக் கத்தியால் நெம்பி எடுத்தாள். இறக்கையின் அகலத்தில் முன்பக்கத்திலிருந்து கால்வாசிக்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரல்களை வைத்து விமானத்தைத் தூக்கினாள். ரெண்டரை சிசியோடு மூக்கு லேசாகத் தரையைப் பார்க்கும்வரை, இங்கே ஒரு குண்டு, அங்கே அரைக் குண்டு. கம்பி எப்போதும் விறைப்பாக நிற்பதற்காக வெளிப்பக்க இறக்கை நுனியில் ஒன்று. கடைசியில் அதை விரலில் ஏந்தி நின்றபோது, அது மரியாதை தெரிந்த பிள்ளை மாதிரி தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டிருந்தது.

"அசிங்கமா கீது," என்றாள். "ஆனா சரியா கீது."

ஆகஸ்ட் பதினைந்து. கடல்காற்று வலுப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும் என்று ஏழு மணிக்கெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஐந்து பேர் விமானம் கொண்டுவந்திருந்தார்கள். வட்டம் எண்ணுகிற பொறுப்பு அத்னான் என்கிற முன்னாள் கேடட்டுக்கு. ஜவுளிக்கடைக்காரர், கையில் விசில். மலிகா முதலில் ஓட்டினாள். பத்து வட்டத்துக்கு அளந்து ஊற்றிய எரிபொருள், பன்னிரண்டாவது வட்டத்தில் எஞ்சின் நின்று விமானம் பூப்போல இறங்கியது. டீச்சர்.

அடுத்து சித்தி. மலிகா கலந்து கொடுத்திருந்த எரிபொருளை, மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றும் சேர்ந்து ஆஸ்பத்திரியும் சமையலறையும் கலந்த மாதிரி மணக்கிற அந்தத் திரவத்தை, அவள் டாங்கில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். வழிகிறவரை ஊற்றினாள்.

"சில்வி, அது எந்த டாங்க்?" என்று மலிகா தூரத்திலிருந்து கேட்டாள்.

"ஆறு சிசியோடது. நல்லாதானே கீதுன்னு அதையே வச்சிட்டேன்."

மலிகா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் எஞ்சின் அலறியது. நான் மண்டியிட்டேன். சித்தி நடுவில் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். மூக்குக்கண்ணாடியைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள். தலையாட்டினாள். விட்டேன்.

ஓடியது. ஓடி, மெதுவாகத் தரையை விட்டது. தோள் உயரத்தில் மட்டமாக, கம்பி விறைக்க, சுவரைத் தாண்டி, டவரின் நிழலைத் தாண்டி, என்னைத் தாண்டிப் போனது. ஒன்று. சித்தியின் முகம் சுற்றி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் தெரிந்தது. வாய் பிளந்திருந்தது. ஐந்து. எட்டு. பத்து. அத்னான் விசில் ஊதினார். எல்லோரும் கத்தினார்கள்.

பதினைந்து. இருபது.

"போதும்க்கா, எறக்குங்க!" என்றார் அத்னான்.

"எப்டி? சுவிட்ச் எங்க கீது?" என்று நடுவிலிருந்து குரல் வந்து, சுற்றிப் போய், மறுபடி வந்தது.

சுவிட்ச் கிடையாது. எரிபொருள் தீர்ந்தால்தான் நிற்கும். ஆறு சிசி குடிப்பதற்கென்று செய்த டாங்கை ரெண்டரை சிசி சொட்டுச் சொட்டாக ருசித்துக்கொண்டிருந்தது. நாற்பதாவது வட்டத்தில் அத்னான் எண்ணுவதை விட்டுவிட்டார். அறுபதில் சித்தியின் கால்கள் பின்ன ஆரம்பித்தன. செருப்பு ஒன்று கழன்று கிடந்தது, ஒவ்வொரு சுற்றிலும் அதை மிதித்தாள். எண்பதில் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடவே விமானமும் ஏறி இறங்கியது.

மலிகா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கம்பிக்கு அடியில் குனிந்து, தவழாத குறையாக வட்டத்துக்குள் ஓடினாள். சித்தியின் முதுகோடு ஒட்டி அவளோடு சேர்ந்து சுற்றினாள்.

"குடு சில்வி! விழப் போற! கைய மாத்திக்கலாம், குடு!"

"கிட்ட வராத!"

"மயக்கம் வருதுடி உனக்கு!"

"வரட்டும்! எனக்குத்தான வருது!"

"பிளேன் போயிடும்!"

"போவட்டும்! நான் பண்ணது, நான் ஓட்றேன், நான் ஒடச்சிக்கிறேன். தொட்ட, கடிச்சி வச்சிருவேன்!"

கடிப்பாள். மலிகாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் வெளியே போகவில்லை. சித்தியின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, விழாமல் தாங்கி, கூடவே சுற்றினாள். இரண்டு பேரும் வாய் ஓயாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சுற்றினார்கள்.

எஞ்சின் ஒருமுறை இருமி, நின்றது. திடீர் அமைதியில் விமானம் ஒரு முக்கால் வட்டம் மிதந்து, சக்கரம் தொட்டு, ஒருமுறை குதித்து, மூக்கு குத்தி நின்றது. ப்ரொபெல்லர் நுனி உடைந்தது. வேறொன்றும் இல்லை.

"நூத்திப் பதினாறு," என்றார் சித்தப்பா, ஓட்டை நாற்காலியிலிருந்து.

சித்தி நின்ற இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். வானத்தைப் பார்த்தபடி, "பூமி சுத்துதுடி," என்றாள்.

"அது எப்பவும் சுத்தினுதான் கீது," என்றாள் மலிகா. அவளும் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். "கைப்பிடியக் குடு. கம்பி சிக்கப் போவுது."

"தர மாட்டேன்."

அப்படியே எழுந்து, கைப்பிடியோடு சுவர் ஓரம் போய் வாந்தி எடுத்தாள். கம்பி சிக்காமல் இருக்க நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போன பக்கமெல்லாம் போனேன். அடுத்த போட்டியாளர் தன் விமானத்தை ஏந்தியபடி வட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

"கம்பியச் சுத்துங்கக்கா," என்றார் அத்னான் பணிவாக. "காத்து ஏறுது. அடுத்த ஆள் நிக்கிறாரு."

நான் கை நீட்டினேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். நடுவுக்குப் போய் நின்று, இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்துப் பிடித்து, கைப்பிடியில் சுற்றத் தொடங்கினாள். பதினைந்து மீட்டரையும், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சுற்றையும் விரலால் தடவி நேராக்கியபடி. அடுத்த ஆள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். சித்தி ஒருமுறையும் நிமிரவில்லை.